தாய்ச்சுங்கில் முத்துக் குளித்தேன்

பபிள் டீ எனக்குப் புதிதில்லை. சென்னை மாலில் குடித்திருக்கிறேன், பெங்களூரில் குடித்திருக்கிறேன், ஒரு தடவை சிங்கப்பூர் விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்கு ஓடிக்கொண்டே குடித்திருக்கிறேன். பிளாஸ்டிக் கோப்பை, மேலே இறுக ஒட்டிய தாள், அதை 'டப்'பென்று குத்தி இறக்கும் தடித்த ஸ்ட்ரா, எல்லாமே பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அது குழந்தைகளுக்கான ஓர் இனிப்பு என்றே நினைத்திருந்தேன். போன மார்ச் மாதம் தைவானில், தாய்ச்சுங் நகரத்து ஸூவெய் தெருவில், ஒரு பழைய தேநீர் இல்லத்தின் மர நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடிக் குவளையில் வந்த அதே பானத்தை ஒரு வாய் உறிஞ்சினேன். அந்த நினைப்பு அங்கேயே கரைந்துபோனது. அது டீ. முழுக்க முழுக்க டீ. முத்தும் பாலும் சர்க்கரையும் அந்த டீக்குத் துணைக்கு வந்தவை.

இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

என் தங்கை மகள் சிஞ்சுவில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். சிஞ்சு என்றால் சிப் தொழிற்சாலைகளின் ஊர். அங்கே தெருவில் நடந்தால் தமிழ்ப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. அவளைப் பார்க்கப் போன பத்து நாளில் ஒரு சனிக்கிழமையை எனக்கென்று கேட்டு வாங்கினேன். "எங்கே போகணும் பெரியம்மா, தாய்பேய் 101 கோபுரமா?" என்றாள். "பபிள் டீ பிறந்த கடைக்கு" என்றேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. அவளுடைய தைவான் தோழி ஒருத்திக்கோ கண் விரிந்துவிட்டது. "ஆயி, நானும் வருகிறேன்" என்று கிளம்பிவிட்டாள். அந்த ஊரில் அம்மா வயதுப் பெண்களை 'ஆயி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சித்தி, அத்தை மாதிரி. எங்கள் பக்கத்தில் பாட்டியை 'ஆயா' என்போம். ஒலி ஒன்றுபோல் இருப்பது தற்செயலாக இருக்கலாம். அவள் வாயிலிருந்து அதைக் கேட்க எனக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

சிஞ்சுவிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் அரைமணிக்குள் தாய்ச்சுங். ஆனால் அந்த நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து உள்ளூர் ரயில் பிடித்து நகரத்தின் நடுவில் இறங்க வேண்டும். இறங்கினால் 1917-இல் ஜப்பானியர் கட்டிய செங்கல் ரயில் நிலையம் புது நிலையத்துக்குப் பக்கத்திலேயே பத்திரமாக நிற்கிறது. வெயில் நம்ம ஊர் மாசி வெயில் மாதிரி, சுடாத வெயில். நடந்தே போனோம்.

கடையைப் பார்ப்பதற்கு முன்பே சத்தம் கேட்டது. எஃகுக் குவளைக்குள் ஐஸ் கட்டிகள் மோதும் சத்தம். ஜல்ஜல்ஜல்லென்று, சலங்கை கட்டிய மாட்டுவண்டி தெருமுனை திரும்பும்போது வருமே, அந்த வேகம். பத்துப் பன்னிரண்டு விநாடி அடித்து நிற்கும். சட்டென்று இன்னொரு கை தொடங்கும். உள்ளே போனால் கல்லாவுக்குப் பின்னால் இரண்டு பேர் தோளுக்கு மேலே ஷேக்கரைத் தூக்கிக் குலுக்கிக்கொண்டிருக்கிறார்கள். காக்டெயில் கலக்கும் அதே ஷேக்கர்தான். இந்தக் கடையின் கதையே அந்த ஷேக்கரில்தான் தொடங்குகிறது.

சுன் ஷுவேய் தாங் என்பது கடையின் பெயர். இளவேனில் நீர் இல்லம் என்று தமிழில் சொல்லிப் பார்த்தேன், பொருத்தமாகத்தான் இருக்கிறது. லியூ ஹான்ஜியே என்பவர் 1983-இல் இதே தாய்ச்சுங்கில் இதைத் தொடங்கியபோது வேறு பெயர்: யாங்ஷியான் தேநீர்க் கடை. யாங்ஷியான் என்பது களிமண் தேநீர்க் குடுவைகளுக்குப் பேர்போன யீஷிங் என்ற சீன ஊரின் பழைய பெயர். பெயரிலேயே தெரிகிறது, மனிதர் எவ்வளவு பாரம்பரியப் பற்றுடையவர் என்று. அப்படிப்பட்டவர் ஜப்பானுக்குப் போய், அங்கே காபியைச் சில்லென்று கொடுப்பதைப் பார்த்துவிட்டு வந்து, டீயை ஐஸ் போட்டுக் கொடுக்கத் தொடங்கினார். சீனத் தேநீர் மரபில் டீ என்றால் சூடு. ஆறிப்போன டீயை விருந்தாளிக்கு நீட்டுவது மரியாதையில்லை. அதை அவர் ஐஸோடு ஷேக்கரில் போட்டுக் குலுக்கினார். குலுக்கியதும் மேலே வெண்ணுரை பொங்கியது. அந்த நுரைதான் பபிள்! குமிழ் என்றால் அடியில் கிடக்கும் கறுப்பு உருண்டை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். உருண்டை பின்னால் வந்தது. முதலில் வந்தது 'நுரைக் கறுப்புத் தேநீர்'.

இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் ஆத்தூர் பஸ் ஸ்டாண்டு டீ மாஸ்டர்தான் கண்முன் வந்து நின்றார். ஒரு கை மேலே, ஒரு கை கீழே, நடுவில் வில்லாக வளையும் டீ. ஆற்றி ஆற்றி நுரை எழுப்பித் தம்ளரின் விளிம்பு வரை குவித்து வைப்பார். நுரையில்லாத டீயை எங்கள் ஊரில் டீ என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். காற்றை உள்ளே புகுத்தினால் டீ மெத்தென்று ஆகிறது, மணம் மூக்குக்கு முதலில் வருகிறது. நம் மாஸ்டர் சூட்டில் உயரத்தை வைத்துச் சாதித்ததை இவர்கள் குளிரில் குலுக்கலை வைத்துச் சாதித்திருக்கிறார்கள். அதே கலைதான், சந்தேகமேயில்லை.

அந்த உருண்டை, அதாவது முத்து, வந்த கதையும் எனக்கு மிகப் பிடித்தது. 1980-களின் கடைசி. கடையில் வேலைபார்த்த லின் ஷியூஹுய் என்ற இளம்பெண், ஊழியர் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறார். கையில் ஃபென்யுவான் என்ற இனிப்பு. மரவள்ளி மாவு உருண்டையை வேகவைத்துச் சர்க்கரைப் பாகில் போட்டது. தைவான் சந்தைகளில் அரைத்த ஐஸின் மேல் அள்ளிப் போட்டுக் கொடுக்கும் பழைய பண்டம். அதை எடுத்துப் பக்கத்திலிருந்த குளிர்ந்த அஸ்ஸாம் டீக்குள் கொட்டிவிட்டார். கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் பிடித்துப்போனது. பட்டியலில் சேர்த்தார்கள். சில மாதங்களில் மற்ற டீயையெல்லாம் அது விற்பனையில் தாண்டிவிட்டது. ஒரு கை விளையாட்டாகச் சாய்ந்ததில் ஒரு நாட்டின் அடையாளமே பிறந்திருக்கிறது!

தெற்கே தாய்நான் நகரத்தில் இதற்கு வேறு கதை உண்டு. அங்கே ஹான்லின் தேநீர் இல்லத்தை நடத்தும் து த்சோங்ஹே, 1986-இல் யாமுலியாவ் சந்தையில் வெள்ளை ஃபென்யுவானைப் பார்த்து டீயில் போட்டதாகச் சொல்கிறார். வெள்ளையாகப் பளபளத்ததால் முத்து என்று பெயர். இரண்டு கடைகளுக்கும் பத்து வருஷம் வழக்கு. 2019-இல் நீதிமன்றம், இது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய பானம், முதலில் செய்தது யார் என்று முடிவுகட்டத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. எனக்கு இரண்டு பேரையும் நம்பத் தோன்றுகிறது. இரண்டு ஊரிலும் சந்தையில் ஃபென்யுவான் கிடைத்தது, இரண்டு ஊரிலும் குளிர்ந்த டீ இருந்தது. 1987-இல்தான் முப்பத்தெட்டு வருஷ ராணுவச் சட்டமும் அங்கே விலகியது. கையில் காசு, மனதில் தெம்பு, தேநீர்க் கடையில் மணிக்கணக்காக உட்கார்ந்து பேச ஒரு தலைமுறை. எதையாவது புதிதாகக் கலந்து பார்க்கத் தோன்றுகிற காலம் அது.

சரி, மேஜைக்கு வருகிறேன்.

கடை சிறியது. மர மேஜைகள், சுவரில் தூரிகை எழுத்து, மூலையில் ஒரு ஜாடி. ஜாடியில் ஒரே ஒரு பூத்த கிளை, அதன் கீழே இரண்டு நீள இலை. அவ்வளவுதான். அந்தக் கிளையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தோழி சொன்னாள்: சோங் அரசர் காலத்துச் சீனத்தில் படித்த வீடுகளில் நான்கு கலை இருந்ததாம். நறும்புகை ஏற்றுவது, தேநீர் கடைவது, ஓவியம் மாட்டுவது, பூ வைப்பது. அந்த ஆசையோடுதான் இந்த மாதிரி இல்லங்களில் பூவும் படமும் வைக்கிறார்கள். ஐஸ் போட்ட டீக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது.

பட்டியலைப் பார்த்துத் தோழி சீட்டில் கோடு போட்டாள். "பாதிச் சர்க்கரை, குறைந்த ஐஸ்" என்பதைத் தைவானில் மந்திரம் மாதிரிச் சொல்கிறார்கள்: பான் தாங், ஷாவ் பிங். சர்க்கரையில் முழுசு, கொஞ்சம் குறைச்சல், பாதி, துளி, இல்லை என்று ஐந்து படி. ஐஸுக்கும் தனியாகப் படிகள் உண்டு. தெருவோரக் கடையில் நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகூட யோசிக்காமல் தன் கணக்கைச் சொல்கிறது. நம் ஊரில் "ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மி" என்று சொல்பவருக்கு இது உடனே புரியும்.

குவளை வந்தது. கைப்பிடி வைத்த கனமான கண்ணாடி. மேலே ஒரு விரல்கடை நுரை, பழுப்பும் வெள்ளையும் கலந்தது. நடுவில் நன்றாகக் காய்ந்த செங்கல் நிறத்தில் டீ. அடியில் முத்து. முத்துகள் சிறியவை! சென்னையில் கோலிக்குண்டு மாதிரி வாயை அடைத்தவை இல்லை. மிளகைவிடப் பெரிது, சுண்டைக்காயைவிடச் சிறிது. ஐந்தாறு சேர்ந்தாற்போல் ஸ்ட்ராவில் ஏறி வருகின்றன, டீயையும் கூட இழுத்துக்கொண்டு.

முதல் வாயில் நுரை. காற்று மாதிரி உதட்டில் உட்கார்ந்தது. அதன் பின்னால் டீ. எப்படிச் சொல்வேன்! முதலில் ஒரு துவர்ப்பு, நல்ல தேயிலை நாக்கின் இரண்டு ஓரத்தையும் லேசாகப் பிடிக்கும் துவர்ப்பு. அதைப் பால் வந்து தடவிக் கொடுக்கிறது. சர்க்கரை கடைசியில்தான் வருகிறது, அதுவும் சத்தம் போடாமல். விழுங்கிய பிறகும் தொண்டையில் தேயிலை மணம் நிற்கிறது. சூடான டீயில்தான் மணம் இருக்கும் என்று யார் சொன்னது? குளிரில் அது அடங்கி, வாய்க்குள் வந்து சூடேறியதும் விரிகிறது.

பிறகு முத்து. அவசரப்பட்டு விழுங்கப் போனேன். "பெரியம்மா, மெல்லுங்க! முழுங்கக் கூடாது!" என்று தங்கை மகள் கையைப் பிடித்தாள். மென்றேன். பல் பட்டதும் கொஞ்சம் உள்ளே வாங்கி, பிறகு திருப்பித் தள்ளுகிறது. வெளியே வழுவழுப்பு, உள்ளே இறுக்கம், நடுவில் கருப்பட்டி மாதிரி ஓர் அடங்கிய இனிப்பு. இந்த மெல்லுதலுக்குத் தைவானில் 'க்யூக்யூ' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். கடையில், விளம்பரப் பலகையில், எங்கேயும் ஆங்கில எழுத்தில் இரண்டு க்யூ போட்டு எழுதுகிறார்கள். அம்மா பிள்ளைக்கு ஊட்டும்போதுகூட "க்யூ, க்யூ" என்கிறாள். நமக்கு மொறுமொறு, கமகம மாதிரி அவர்களுக்கு இது. இந்தப் பதத்துக்குத் தமிழில் சொல் தேடினேன். நன்றாகக் கிளறிய திருநெல்வேலி அல்வாவின் அடிக்கட்டியை மெல்லும்போது வரும் இழுவை ஓரளவு பக்கத்தில் வருகிறது.

அந்தப் பதம் சும்மா வருவதில்லை. முத்தை அரைமணி நேரம் போலக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து மூடி இன்னொரு அரைமணி அதன் சூட்டிலேயே விட்டு, குளிர்ந்த நீரில் அலசிப் பாகில் ஊறப்போட வேண்டும். அதோடு வேலை முடியவில்லை. சில மணி நேரம் போனால் நடுப்பகுதி கடினமாகத் தொடங்கிவிடும். ஆகவே நல்ல கடையில் நாள் முழுக்க ஓர் அடுப்பில் முத்து கொதித்துக்கொண்டே இருக்கும்.

இதை நான் மென்றுகொண்டிருந்தபோது மனம் எங்கே போனது தெரியுமா? ஆத்தூருக்கு. எங்கள் அப்பா முப்பது வருஷம் சேகோ ஃபேக்டரியில் மேஸ்திரி. எங்கள் பக்கத்தில் மரவள்ளியை யாரும் மரவள்ளி என்று சொல்வதில்லை, குச்சிக்கிழங்கு. லாரி லாரியாகக் கிழங்கு வந்து கொட்டும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தோல் சீவுவார்கள். அரைத்துப் பாலெடுத்துத் தொட்டியில் தெளியவிட்டால் அடியில் வெள்ளை வெளேரென்று மாவு படியும். அந்த ஈர மாவை உதிர்த்துத் துணித்தூளியில் கொட்டி, குழந்தையை ஆட்டுவதுபோல் ஆட்டுவார்கள். ஆட்ட ஆட்ட மாவு தானாகத் திரண்டு உருண்டை உருண்டையாகும். சலித்து, தேங்காயெண்ணெய் தடவிய தட்டில் வறுத்து, சிமெண்டுக் களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. பாயசத்தில் கண்ணாடி மணி மாதிரி மிதக்குமே, அதுதான். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது.

தைவானில் முத்து செய்வதும் இதேதான்! மாவைச் சுழலும் உருளையில் போட்டு, நீர் தெளித்துத் தெளித்து, பனியுருண்டை மாதிரி வளர்க்கிறார்கள். கருப்புச் சர்க்கரை சேர்ப்பதால் நிறம் மாறுகிறது. அந்த மாவும் பெரும்பாலும் தாய்லாந்திலிருந்தும் வியட்நாமிலிருந்தும் கப்பலில் வருவது. கிழங்கின் பூர்வீகமோ தென்னமெரிக்கா. எங்கேயோ பிறந்த கிழங்கு எங்கள் ஊரில் பாயசத்துக்குப் போனது, இவர்கள் ஊரில் டீக்குள் குதித்தது. அந்த நிமிஷம் என் வாயிலிருந்தது அந்நியப் பண்டமாகத் தோன்றவேயில்லை. ஒன்றுவிட்ட தங்கையை வெளியூர்க் கல்யாணத்தில் பார்த்தது மாதிரி இருந்தது.

தேயிலைக்கும் நமக்கும் உறவு உண்டு. லின் ஷியூஹுய் முத்தைக் கொட்டியது அஸ்ஸாம் டீயில் என்று சொன்னேன் இல்லையா? 1920-களில் ஜப்பானியர் அஸ்ஸாம் விதையைக் கொண்டுவந்து தைவானின் நடுவில் இருக்கும் சூரிய-சந்திர ஏரிக்கரையில் நட்டார்கள். அதன் வழியில், பர்மா பக்கத்துத் தேயிலையையும் தைவான் காட்டுத் தேயிலையையும் இனக்கலப்பு செய்து உருவாக்கிய பதினெட்டாம் எண் ரகம் 1999-இல் வெளியானது. 'ரூபி' என்று கூப்பிடுகிறார்கள். மறுநாள் அதைச் சூடாக, பாலில்லாமல் குடித்தேன். இலவங்கப்பட்டையும் புதினாவும் யாரும் போடாமலே அதில் மணக்கின்றன. குடித்துப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

இப்போது சாப்பாடு. இதைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். ஏனென்றால் இந்த டீ தனியாகக் குடிப்பதற்கு ஆனதில்லை, உப்பும் எண்ணெயும் கொஞ்சம் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் ஊர் டீக்கடையில் வடை இருப்பது போல.

முதலில் வந்தது தோகானும் மீ-ஷியேயும். தோகான் என்பது நீர் பிழிந்து அழுத்திய சோயாக்கட்டி. மீ-ஷியே, ரத்தத்தில் ஊறவைத்த ஒட்டரிசியை வேகவைத்து வெட்டிய துண்டு. இரண்டையும் சோயா சாறில், மசாலாவில் நிதானமாகக் கொதிக்கவிட்டுப் பழுப்பாக எடுத்திருந்தார்கள். தங்கை மகள் தயங்கினாள். ஞாயிற்றுக்கிழமை ரத்தப் பொரியலுக்குச் சண்டைபோட்டு வளர்ந்தவள் நான், எனக்கென்ன தயக்கம்? ஒட்டரிசியின் பிசுபிசுப்பில் நட்சத்திரச் சோம்பு மணம் ஏறி, கடித்தால் அதுவும் க்யூக்யூ! ஒரு துண்டு, பிறகு ஒரு வாய் டீ. டீயின் துவர்ப்பு நாக்கிலிருந்த எண்ணெயைத் துடைத்து எடுத்துவிடுகிறது. அடுத்த துண்டு முதல் துண்டு மாதிரியே ருசிக்கிறது. முத்துப் பால் டீ பிறந்த ஊரில் அதை ஏன் உட்கார்ந்து குடிக்கிறார்கள் என்று அந்த இடத்தில் புரிந்தது.

அடுத்து முள்ளங்கிக் கேக். கேக் என்றதும் இனிப்பை நினைக்காதீர்கள். அரிசியை அரைத்து, துருவிய வெள்ளை முள்ளங்கியைப் போட்டு ஆவியில் அவித்து, ஆறியதும் வில்லை போட்டுத் தோசைக்கல் மாதிரியான தட்டில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்டுவது. காலையில் மிஞ்சிய இட்லியை மாலையில் எண்ணெய் விட்டு வறுத்துத் தருவாளே அம்மா, அந்த மொறுமொறுப்பு வெளியே. உள்ளே வெண்ணெய் மாதிரி குழைவு, முள்ளங்கியின் மெல்லிய காட்டம். பக்கத்தில் சோயா சாறு. மூன்று பேருக்கு ஒரு தட்டு போதாது என்று இரண்டாவது சொன்னோம்.

குங்ஃபூ நூடுல்ஸ் என்று ஒன்று. சண்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குங்ஃபூ என்றால் பழகிப் பழகி வந்த கைத்திறன். குழம்பில்லாத, பிரட்டிய நூடுல்ஸ், மேலே கொத்திய பன்றியிறைச்சிக் கலவை. சின்னக் கிண்ணம்தான். சாப்பாட்டு அளவை இவர்கள் கணக்காக வைத்திருக்கிறார்கள், எல்லாமே டீக்கு இடம் விட்டுச் செய்தது. மாட்டிறைச்சி நூடுல்ஸ் தைவானின் பெருமை என்று தோழி சொன்னாள். நான் மாட்டிறைச்சி தொடுவதில்லை, அவர்கள் இரண்டு பேரும் கிண்ணத்தை வழித்தார்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு ஒரு சொல்: தைவானில் சைவ உணவு தாராளமாகக் கிடைக்கும், 'சூ' என்று கேளுங்கள். பூண்டு வெங்காயம் சேர்க்காத பௌத்தச் சைவம்கூட உண்டு.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர் தன் நண்பரை எதிர்பார்த்துத் தனியாக உட்கார்ந்திருந்தார். நண்பர் வந்ததும் நாற்காலியைக் காட்டி, "லிம் தே, லிம் தே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன சொல்றாரு?" என்றேன். "டீ குடிங்கன்னு சொல்றாரு பெரியம்மா. மாண்டரின்ல சா, ஆனா தைவான் பாஷையில தே."

தே! தேநீரில் இருக்கும் தே, தேயிலையில் இருக்கும் தே. ஃபுஜியான் கடற்கரையிலிருந்து தைவானுக்குக் குடியேறியவர்களின் மொழி அது. அந்த மொழி பேசியவர்களிடமிருந்துதான் டச்சு வணிகர் இந்தச் சொல்லை இலையோடு சேர்த்துக் கப்பலேற்றினார்கள். அது ஐரோப்பா சுற்றி, ஆங்கிலத்தில் டீயாகி, தமிழில் தேயிலையாகி, இலங்கை மலையகத்தில் தேத்தண்ணியானது. நான் பிறந்ததிலிருந்து சொல்லிவரும் சொல்லை, அது புறப்பட்ட இடத்து மொழியில், கையில் குவளையோடு இருந்த ஒரு முதியவர் வாயிலிருந்து கேட்டேன். அவரைப் பார்த்து "தே" என்று என் குவளையைத் தூக்கிக் காட்டினேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாகித் தன் குவளையைத் தூக்கினார். எங்களுக்குள் வேறு ஒரு சொல்கூடப் பொதுவில் இல்லை, அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, இந்த இல்லத்தார் நடத்தும் டீ குலுக்கும் வகுப்புக்கும் போனோம். ஏப்ரன் கட்டி, ஆளுக்கொரு ஷேக்கர் கொடுத்தார்கள். பாகு, மேலே ஐஸ், மேலே கொதிக்கக் கொதிக்கக் கெட்டியாக இறக்கிய டீ. மூடியை அழுத்தி, ஒரு கை மேலே ஒரு கை கீழே பிடித்துக் குலுக்க வேண்டும். முதலில் எஃகு வெதுவெதுப்பாக இருக்கும். பிறகு விரல் நுனியில் குளிர் ஏறும், வெளியே பனி பூக்கும். ஐஸின் சத்தம் கனத்திலிருந்து மெலிந்து கிலுகிலுவென்று மாறும். அந்தச் சத்தம் மாறுவதைக் கேட்டு நிறுத்த வேண்டும். திறந்து ஊற்றினால் நுரை முதலில் வழிந்து, டீ பின்னால் இறங்குகிறது. நான் குலுக்கிய டீயில் நுரை மூன்று விரல் உயரம் நின்றது. சொல்லிக்கொடுத்த பெண் என் குவளையை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினாள். ஆத்தூர்க்காரிக்கு நுரை வராமலா போகும்!

மற்ற நாட்களில் தெருக்கடைகளில் குடித்ததையும் மறக்க முடியவில்லை. வெண்பூசணியைக் கருப்புச் சர்க்கரையோடு மணிக்கணக்காகக் காய்ச்சி எடுக்கும் 'தோங்குவா' பானம், காசி அல்வாவைத் தண்ணீராக்கிக் கொடுத்த மாதிரி. சேப்பங்கிழங்கைக் குழைத்துப் பாலில் அடித்துத் தருவது. சிஞ்சு மலைகளில் தத்துப்பூச்சி கடித்த கொழுந்தில் மட்டுமே வரும் தேன் மணத்துக்காகக் காத்திருந்து பறிக்கும் 'கீழைநாட்டு அழகி' ஊலோங். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே அடக்க முடியாது.

ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் துணியைக் குறைத்து, ஒரு பொட்டலம் ரூபி தேயிலையும் இரண்டு பொட்டலம் உலர்ந்த கறுப்பு முத்தும் வைத்தேன்.

ஆத்தூரில் அப்பாவுக்கு எண்பத்தொரு வயது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் உள்ளங்கையில் முதலில் வேகாத முத்து நாலைக் கொட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினார். களத்தில் நின்று ஜவ்வரிசி பார்க்கும்போது செய்வாரே, அதே மாதிரி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முன்பல்லில் வைத்துக் கடித்து இரண்டாக்கி, உள்பக்கத்தைப் பார்த்தார்.

"குச்சிக்கிழங்குதான்" என்றார். "உருட்டு நல்லா இருக்கு. யாரோ தொழில் தெரிஞ்சவன்."

நான் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். அரைமணி கொதி, அரைமணி ஊறல். ஷேக்கர் இல்லை, மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் டீயும் பாலும் ஐஸும் போட்டுக் கூடத்தில் நின்று குலுக்கினேன். ஜல்ஜல்லென்ற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். தம்ளரில் ஊற்றி, நீளக் கரண்டி ஒன்றைப் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். நுரையை ஊதிப் பார்த்துவிட்டு ஒரு வாய் குடித்தார். முத்தை மென்றார், மெதுவாக, ரொம்ப நேரம். பிறகு தம்ளரை என்னிடம் நீட்டினார்.

"முத்து இன்னும் ரெண்டு கரண்டி போடு, ஆயா."